காகித ஆலைக் கம்பனிக்கு, பணிய லயத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் சபையினருக்கு வணக்கம்.

ஆற்றங்கரையில் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பழைய ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, குத்தகைக்கு எடுத்து, கழிவுத் தாளிலிருந்து காகிதம் செய்யும் ஆலை ஒன்று தொடங்கப்போகிறீர்கள் என்ற செய்தி, உங்கள் பிரசுரம் மூலமாக, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள் எல்லாவற்றுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. நாலு பக்கம், வழுவழுப்பான தாள். முன்பக்கத்தில் ஒரு பிள்ளை மரக்கன்றைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறது. உள்ளே பசுமை, பராமரிப்பு, பகிர்வு என்று மூன்று தலைப்புகள். மோனை பொருந்தி வந்திருக்கிறது, எழுதியவருக்குப் பாராட்டுகள். மரம் நடுவீர்கள், பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பை கொடுப்பீர்கள், வருடத்துக்கு ஒரு மருத்துவ முகாம் வைப்பீர்கள், கோயில் திருவிழாவுக்கு உதவுவீர்கள். எல்லாம் இருக்கிறது. ஆலை எவ்வளவு தண்ணீர் எடுக்கும், எடுத்த தண்ணீர் என்னவாகத் திரும்பி வரும் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. "சொட்டு நீரும் வீணாகாது" என்று ஒரு வரி இருக்கிறது. அதைத் தகவல் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இதைக் கேட்டு உங்கள் அலுவலகத்துக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம். ஆனால் பதில் வந்தால் அது எங்களில் ஒருவருக்கு மட்டும் வரும். அப்புறம் யாருடைய மேசை லாச்சியில் கிடக்கும் என்று தெரியாது. ஊரறியக் கேட்டால் ஊரறியப் பதில் வரும் என்றுதான் இப்படி எழுதுகிறேன்.

ஆலையே வேண்டாம் என்று சொல்லும் கட்சி நான் இல்லை. காகிதம் இல்லாமல் ஒரு நாடு எப்படித் திண்டாடும் என்று 2022இல் இலங்கையில் பார்த்தோம். டொலர் இல்லாமல் தாள் இறக்குமதி முடங்கி, அந்த மார்ச் மாதத்தில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். கொழும்புப் பத்திரிகைகள் சில சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்திவைத்தன. எங்கள் பக்கத்தில் அப்பியாசக் கொப்பி விலை ஏறிய ஏற்றத்தில், பழைய கொப்பிகளில் மிஞ்சிய வெள்ளைத் தாள்களைப் பிரித்தெடுத்து நூலால் தைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த தாய்மார் இருக்கிறார்கள். இத்தனைக்கும் இந்த நாட்டுக்குக் காகித ஆலை புதிதில்லை. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்து முயற்சியில் முளைத்து, 1950களில் ஓடத் தொடங்கிய வாழைச்சேனை ஆலை வைக்கோலில் காகிதம் செய்தது. (அவர் பெயரைச் சொன்னால் மலையகத்தில் இந்திய வம்சாவளியினரைப் பாதித்த 1949ஆம் வருடத்துப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு அவர் ஆதரவாக வாக்களித்ததும் ஞாபகத்துக்கு வரும். அந்தக் கணக்கை இங்கே இழுக்கவில்லை.) பிறகு எம்பிலிப்பிட்டியவிலும் அரசாங்கம் ஒரு ஆலை கட்டியது, அதுவும் வைக்கோலை நம்பித்தான்.

வைக்கோலில் ஒரு சிக்கல் உண்டு. அதைக் காரத்தில் வேகவைத்து நாரைப் பிரித்தெடுத்த பிறகு கறுப்பாக ஒரு கழிவு மிஞ்சும். மரத்தில் கூழ் செய்யும் பெரிய ஆலைகள் அந்தக் கறுப்புக் கழிவை வற்றவைத்து எரித்து, நீராவியும் எடுத்துக்கொள்ளும், போட்ட காரத்தையும் மீட்டுக்கொள்ளும். வைக்கோலில் சிலிக்கா அதிகம் என்பதால் அது குழாய்களிலும் கொதிகலனிலும் படிந்து அந்த மீட்பைக் கெடுத்துவிடும். சின்ன வைக்கோல் ஆலை எங்கே இருந்தாலும் பக்கத்து ஆறு கறுப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நீங்கள் பாவித்த தாளைக் கரைத்து மறுபடி தாள் செய்யப்போவதால் அந்தத் தொல்லை இல்லை. மரம் வெட்ட வேண்டியதில்லை, குப்பை மேடும் குறையும். இதை மனதார ஒப்புக்கொள்கிறேன்.

சரி, இனி தண்ணீருக்கு வருவோம்.

கழிவுத் தாள் ஆலையில் முதல் வேலையே கரைப்பதுதான். பெரிய தொட்டியில் தாளையும் தண்ணீரையும் கொட்டிக் கலக்கி, கம்பி, பிளாஸ்டிக், பசை எல்லாவற்றையும் சலித்தெடுத்து, மையை நுரையில் மிதக்கவைத்து வழித்துவிட்டு, மிஞ்சிய கூழைக் கம்பிவலைமேல் பரப்பி, பிழிந்து, சூடான உருளைகளில் உலர்த்துவார்கள். ஒழுங்காக நடக்கும் ஆலை எடுத்த தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும். அப்படிப்பட்ட ஆலைக்கு ஒரு டன் தாளுக்குப் பத்து, பதினைந்து கன மீட்டருக்குள் புதுத் தண்ணீர் போதும். பழைய இயந்திரத்தை எங்கேயோ மலிவாக வாங்கிப் பூட்டிய ஆலைக்கு இதைவிடப் பல மடங்கு வேண்டும். ஒரு கணக்குக்கு, நாளைக்கு 20 டன் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்குப் பத்துக் கன மீட்டர் என்றாலே தினமும் 2 இலட்சம் லீட்டர். ஒரு ஆளுக்கு நாளுக்கு 100 லீட்டர் என்று போட்டால் இரண்டாயிரம் பேரின் தண்ணீர். டன்னுக்கு ஐம்பது என்று போனால் பத்தாயிரம் பேரின் தண்ணீர்.

ஆடி மாதத்தில் வந்து ஆற்றைப் பார்த்தால் இது ஒரு பொருட்டாகவே தெரியாது. தென்மேற்குப் பருவமழை கொட்டும் நேரத்தில் பாலத்தை முட்டிக்கொண்டு போகும். நீங்கள் அளவெடுக்க ஆள் அனுப்பியது எந்த மாதத்தில் என்று எனக்குத் தெரிய வேண்டும். மேற்குச் சரிவில் வாழ்கிற எங்களுக்குத் தைக்குப் பிறகு பங்குனி வரைக்கும்தான் சோதனை. மேட்டு லயத்துப் பீலி, அதாவது ஊற்று நீர் விழும் குழாய், நூல் மாதிரி ஒழுகும். ஒரு வாளி நிறையக் காத்திருக்கும் நேரத்தில் வரிசையில் நிற்கிற பெண்கள் ஒரு தோட்டத்துக் கதையையே பேசி முடித்துவிடுவார்கள். பள்ளத்தில் இருக்கும் பணிய லயத்துக்காரர்கள் நாங்கள் குளிக்க, துணி துவைக்க ஆற்றுக்கே இறங்குவோம். ஆலை அந்த ஆற்றிலிருந்து எடுக்கப்போகிறது என்றால், பெப்ரவரியில் ஓடுகிற நீரின் அளவை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். வறட்சியில் ஆற்று நீர் எந்த மட்டத்துக்குக் கீழே இறங்கினால் ஆலையை நிறுத்துவீர்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மட்டத்தைக் காட்ட ஆற்றங்கரைப் பாறையில் ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். பிள்ளைகளும் பார்த்துச் சொல்லும்படி இருக்கட்டும்.

ஆலை பற்றி நீங்கள் இங்கே வைத்த கூட்டத்தில் உங்கள் அதிகாரி ஒருவர், தண்ணீரை வெளியே விடாமல் முழுக்க முழுக்கச் சுழற்சியில் வைத்துக்கொள்வோம் என்றார். செய்ய முடியும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தாளில் பூசியிருக்கும் மாவுச்சத்து கரைந்து அந்த மூடிய சுற்றிலேயே சேரச் சேரப் புளித்து நாறும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே, வெளியே ஒரு சொட்டும் போகாது என்று சொல்பவர், அந்த நாற்றத்துக்கு என்ன செய்வார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பரா, பழைய ஸ்டோரிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.

இந்த நாட்டில் ஆற்றில் விடும் கழிவுநீருக்கு அளவு இல்லாமல் இல்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2008இல் வந்த வர்த்தமானியில் எல்லாம் இலக்கத்தில் இருக்கிறது. ஐந்து நாள் உயிரியல் ஒட்சிசன் தேவை லீட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. இரசாயன ஒட்சிசன் தேவை 250. தண்ணீரில் கரையாமல் கலந்து நிற்கும் திண்மம் 50. காடி, காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் 6 முதல் 8.5க்குள். முதல் இலக்கத்தை மட்டும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. மாவுச்சத்தும் நார்த்தூளும் ஆற்றில் கலந்தால் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்னப் பெருகும். தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனைத் தீர்த்துவிடும். நஞ்சு ஒரு துளிகூடக் கலக்காமலே மீன் மூச்சுத் திணறிச் செத்து மிதக்கும். "எங்கள் கழிவில் நச்சுப் பொருள் இல்லை" என்று பிரசுரத்தின் மூன்றாம் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும் கேள்விக்குப் பதில் ஆகாது.

சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்க ஒரு தடவை, புதுப்பிக்க ஒரு தடவை என்று எடுத்த மாதிரியை வைத்து வருடம் முழுக்க ஆறு சுத்தம் என்று யாரும் சொல்ல முடியாது. அதிகாரி வருகிற நாளில் தண்ணீர் எப்போதும் தெளிவாகத்தான் ஓடும். இரவு இரண்டு மணிக்கு மழையோடு மழையாகத் திறந்துவிடும் குழாயைப் பற்றி இந்த நாட்டில் ஆற்றோரம் இருப்பவர்களிடம் கேட்டால் நிறையக் கதை சொல்வார்கள். ஆகவே நாங்கள் கேட்பது இது. கேட்டுக்கு வெளியே, றோட்டில் போகிறவர் வாசிக்கும் இடத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பலகை. அதில் அந்த வாரத்து அளவுகள். மாதிரி எடுக்கும்போது தோட்டத்திலிருந்து இரண்டு பேர் கூட நிற்க வேண்டும், ஒரு போத்தல் அவர்களிடமும் தரவேண்டும். நாங்கள் விரும்பினால் வேறு ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்ப்போம். இதையெல்லாம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் விண்ணப்பித்து வாங்கலாம்தான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அந்த வழியைத் தந்திருக்கிறது. ஆனால் ஆற்றில் மீன் மிதக்கும் நாளில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்க முடியாது, பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. இதைச் செய்தால் பலகைகூடத் தேவைப்படாது. ஆற்றிலிருந்து நீங்கள் தண்ணீர் எடுக்கும் குழாயை, உங்கள் கழிவுநீர் விழும் இடத்துக்குக் கீழே வையுங்கள். மேலே விட்டுக் கீழே எடுங்கள். சுத்திகரித்த தண்ணீர் ஆற்றுக்கு ஏற்றது என்றால் உங்கள் இயந்திரத்துக்கும் ஏற்றதுதானே. பொறியியலாளர்கள் செலவு கூடும் என்பார்கள். எத்தனை மீட்டர் குழாய் கூடும், அதற்கு எவ்வளவு பணம் என்று கேட்டு, அந்தத் தொகையைப் பாடசாலைப் பைகளின் செலவோடு வைத்துப் பாருங்கள். பை வேண்டாம், குழாயைப் போடுங்கள் என்று பெற்றோர் கையெழுத்து வாங்கித் தருவது என் பொறுப்பு.

எங்களைத் தாண்டியும் இந்தத் தண்ணீர் போகிறது என்பதை மறக்க வேண்டாம். எங்கள் ஆறு கொத்மலை ஓயாவில் விழுகிறது. தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை அதைப் பிடித்துச் சுரங்கத்துக்குள் அனுப்புகிறது. பிறகு கொத்மலை நீர்த்தேக்கம், அப்புறம் மகாவலி. கண்டியில் குடிக்கிறவரும் பொல்கொல்லைக்குக் கீழே வயல் செய்கிறவரும் எங்கள் பணிய லயத்துக்குக் கீழேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு பிரசுரம் அனுப்பினீர்களா?

அடுத்தது சேறு. மையையும் தாளுக்குப் போட்ட நிரப்பியையும் வழித்தெடுத்தால் வருவது. உங்கள் பிரசுரத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அந்த வழுவழுப்பு வெள்ளைக் களிமண்ணும் சுண்ணாம்புத் தூளும் பூசி வந்தது. (அடுப்புப் பற்றவைக்க முயன்ற ஒரு அக்கா, தாள் எரிவதைவிடச் சாம்பல்தான் அதிகம் என்று திட்டினார். காரணம் அதுதான்.) அதைக் கரைத்தால் கால்வாசி, சில தாளில் அதற்கும் மேல், நார் ஆகாது. மையோடு சேர்ந்து சாம்பல் நிறச் சேறாக வெளியே வரும். நாளுக்குச் சில டன் சேறு என்றால் வருடத்துக்கு ஒரு சின்ன மலை. சமவெளியில் இருக்கும் ஆலைக்கு எங்காவது குழி தோண்ட இடம் இருக்கும். இங்கே எங்கே போடுவீர்கள்? சரிவில் கொட்டினால் மழையில் ஊறி இறங்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன காலையை நாங்கள் யாரும் மறக்கவில்லை. மலையில் எதைக் குவித்தாலும் அது தண்ணீரோடு சேர்ந்து கீழே வர வழி பார்க்கும். இலவச உரம் என்று மரக்கறித் தோட்டக்காரர்களுக்கு லொறியில் கொண்டுபோய்க் கொடுக்கும் யோசனை இருந்தால், முதலில் அதில் என்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்ற அறிக்கையைக் காட்டுங்கள். லீக்ஸும் கரட்டும் எங்கள் கோப்பைக்குத்தான் திரும்ப வரும். செங்கல் சூளைக்கும் சீமெந்து ஆலைக்கும் இப்படிப்பட்ட சேற்றை எடுக்கும் வழக்கம் சில நாடுகளில் இருக்கிறது. அப்படி யாரோடாவது ஒப்பந்தம் செய்திருந்தால் நல்லது, அதன் பிரதியைக் காட்டுங்கள். சலித்தெடுத்த பிளாஸ்டிக் குப்பையைக் கொதிகலனில் போட்டு எரிக்க மாட்டோம் என்றும் எழுத்தில் வேண்டும். குளிர் காலையில் புகை மேலே போகாது, பள்ளத்திலேயே படுத்துக் கிடக்கும்.

மரம் நடுவது பற்றி ஒரே கேள்வி. என்ன மரம்? யூகலிப்டஸ், எங்கள் ஆட்கள் டர்பன்டைன் என்று சொல்வது, நட்டால் படம் பிடிக்கச் சீக்கிரம் வளர்ந்து நிற்கும். ஊற்றுக்கு மேலே அது வந்த பிறகு பீலி வற்றிப்போனது என்று சொல்லாத தோட்டம் இந்தப் பக்கம் குறைவு. கொதிகலனுக்கு விறகாக வெட்டத்தான் நடுகிறீர்கள் என்றால் அதைப் பசுமைத் தலைப்பின் கீழ் போடாமல் எரிபொருள் என்று போடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். ஊற்றுத் தலைகளில் அந்த இடத்துக்குரிய நாட்டு மரங்களை வையுங்கள், மெதுவாக வளரட்டும். நட்ட மரத்தின் எண்ணிக்கையை விடுங்கள், மூன்று வருடம் கழித்து உயிரோடு நிற்கும் மரத்தை எண்ணிச் சொல்லுங்கள். அப்புறம் கொதிகலனுக்கு வெளியிலிருந்து விறகு வாங்கத் தொடங்கினால் இங்கே விறகு விலை ஏறும். தேயிலை ஸ்டோர்களும் அடுப்புகளும் ஏற்கெனவே அதே விறகுக்குத்தான் போட்டி போடுகின்றன. மலையில் கொழுந்தெடுத்துவிட்டு, திரும்பும் வழியில் தலையில் ஒரு கட்டு விறகோடு வருகிற பெண்ணுக்கு இனி இரண்டு மலை தள்ளிப் போக வேண்டி வரலாம்.

சமூக ஆதரவு என்று போட்டிருப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். நீங்கள் நல்ல மனதோடுதான் கொடுக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தும் வரைக்கும், எங்கள் வாக்கில் தெரிவான சபைக்கே தோட்டத்துக்குள் றோட்டுப் போடவும் தண்ணீர் கொடுக்கவும் பணம் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. கூரைத் தகரம் என்றாலும் குழாய் என்றாலும் தோட்டத்தை நடத்தும் துரை மனது வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தொழிற்சங்கத் தலைவர் மனது வைக்க வேண்டும், தேர்தல் வந்தால் அரசியல்வாதி மனது வைப்பார். யாரோ ஒருவர் மனது வைத்துத் தருவதை வரிசையில் நின்று வாங்கி, படத்துக்கு நின்று, நன்றி சொல்லிவிட்டு வருவதிலேயே எத்தனையோ தலைமுறை போய்விட்டது. அந்த வரிசையில் கடைசியாக வந்த கொடையாளியாக நீங்கள் நிற்க வேண்டாம். நாங்கள் கேட்பது அண்டை வீட்டுக்காரருக்குச் செய்யும் மரியாதை. அண்டை வீட்டார் எங்கள் பிள்ளைக்குப் பை வாங்கித் தர வேண்டியதில்லை. அவர்கள் வீட்டுத் தண்ணீர் எங்கள் வாசலில் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கூட்டத்தில் தமிழ்நாட்டு ஆலைகளையும் உதாரணம் காட்டினார்கள். அங்கே கரூர் மாவட்டம் புகளூரில் தமிழ்நாடு அரசு 1979இல் தொடங்கிய காகித நிறுவனம் கரும்புச் சக்கையில் தாள் செய்கிறது. சுத்திகரித்த தண்ணீரை விவசாயிகளின் ஏற்று நீர்ப்பாசனச் சங்கம் மூலமாக அக்கம்பக்கத்து நிலங்களுக்கு விடுகிறார்கள். நல்ல யோசனை. ஆனால் அது தட்டை நிலம், வெயில் காயும் நிலம், தண்ணீருக்கு ஏங்கும் நிலம். இங்கே சரிவில் தேயிலைக்கு அந்தத் தண்ணீரை விட்டால் அது வேரில் நிற்காமல் அடுத்த நிமிடம் வடிகானில் ஓடி ஆற்றில் விழும். அங்கேயிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது குழாயை அல்ல, சங்கத்தை. தண்ணீரைப் பெறுகிறவர்கள் தாங்களே கூடி, என்ன வருகிறது என்று பார்த்து, வேண்டும் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரு ஏற்பாடு. அப்படி ஒரு ஆற்றங்கரைக் குழுவுக்கு ஆலை ஒப்பந்தத்தில் இடம் கொடுங்கள். அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும், தண்ணீர் சுமப்பது அவர்கள்தானே.

ஊமா ஓயாவையும் சொல்லாமல் விட முடியாது. அது சுரங்கம் வழியாக ஆற்று நீரைத் திருப்பும் அரசாங்கத் திட்டம், உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பண்டாரவளைப் பக்கம் சுரங்கம் தோண்டும்போது 2014 முடிவில் நிலத்தடி நீர் உள்ளே பீறிட்டு, மேலே வீட்டுக் கிணறுகள் வற்றி, சுவர்கள் வெடித்தன. ஊர் மக்கள் றோட்டுக்கு இறங்கிப் போராடினார்கள். தோண்டுவதற்கு முன் எந்தக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பதை எழுதிவைத்திருந்தால் யாருக்கு எவ்வளவு நட்டம் என்பதில் பாதிச் சச்சரவு வந்திருக்காது. ஆகவே உங்கள் இயந்திரம் லொறியில் ஏறுவதற்கு முன்பே எங்கள் பீலிகள், ஊற்றுகள், ஆறு எல்லாவற்றின் அளவையும் தரத்தையும் எடுத்து, கையெழுத்திட்ட ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்தில் வையுங்கள். இது உங்களுக்கும் பாதுகாப்பு. நாளைக்கு யாராவது வீண்பழி சொன்னால் நீங்களும் எடுத்துக் காட்டலாம்.

வேலை பற்றி. எங்கள் பொடியன்கள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள், பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு மத்திய கிழக்குக்குப் போன தாய்மார் ஒவ்வொரு லயத்திலும் உண்டு. வேலை தருகிறோம் என்ற ஒரு வரிக்காகவே உங்கள் பிரசுரத்தை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த வரியை இன்னும் தெளிவாக எழுதச் சொல்கிறேன். எத்தனை பேர், என்ன வேலை, யார் சம்பளம் தருவது? ஆள் பிடித்துத் தரும் ஒப்பந்தக்காரர் மூலம் என்றால் ஊழியர் சேமலாப நிதி யார் பெயரில் போகும்? இயந்திரம் ஓட்ட வெளியூர் ஆட்கள், தாள் பொறுக்கிப் பிரிக்க எங்கள் பெண்கள் என்பதுதான் திட்டமா? பிரிக்கும் மேசையில் வருவது தாள் மட்டும் இல்லை. ஆணி, கண்ணாடித் துண்டு, மருந்துக் குப்பையோடு வந்த ஊசி, எலிப் புழுக்கை, அள்ளும்போதெல்லாம் கிளம்பும் தூசி. கையுறையும் முகக்கவசமும் முதல் நாள் திறப்பு விழாவுக்கு மட்டும் இருக்கக் கூடாது. கழிவறை பக்கத்திலேயே வேண்டும். அது மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு இன்றுவரை சரியாகக் கிடைக்காத ஒன்று, உங்களிடமாவது கேட்டு வைக்கிறேன். சாதாரண தரம், உயர்தரம் படித்துவிட்டுச் சும்மா இருக்கிற பிள்ளைகளில் சிலரையாவது இயந்திரத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் பழக்கி எடுங்கள். கழிவுநீர் அளவு பார்ப்பதை அவர்களே கற்றுக்கொண்டால், அந்தப் பலகையில் இருக்கும் இலக்கத்தை ஊர் நம்பும்.

பழைய கொப்பி, பத்திரிகை, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் பாடசாலைகள் மூலம் சேர்க்கும் திட்டம் நல்லது. அதை "மாணவர் சுற்றாடல் சேவை" என்று இலவசமாக வாங்கிக்கொள்ள வேண்டாம். கொழும்பில் பழைய தாள் வியாபாரி என்ன விலை கொடுக்கிறாரோ அதையே கொடுங்கள், தராசைப் பாடசாலையிலேயே வையுங்கள். அந்தப் பணத்தில் பையைப் பிள்ளைகள் தாங்களே வாங்கிக்கொள்வார்கள், பிடித்த நிறத்தில்.

கடைசியாகக் கூட்டம் பற்றி. போன தடவை வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைத்தீர்கள். அந்த நேரத்தில் மலையில் நிற்கும் பெண் கூட்டத்துக்கு வந்தால் அவளுக்கு அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும், சில நேரம் அதுவும் விழாது. வந்தது ஓய்வெடுத்த ஆண்களும் தலைவர்மாரும்தான். "மக்கள் ஏகமனதாக வரவேற்றனர்" என்று எழுதிக்கொண்டு போயிருப்பீர்கள். ஆற்றில் துணி துவைக்கும் ஒருத்திகூட அங்கே இருக்கவில்லை. அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கோயில் மண்டபத்தில் வையுங்கள், தேநீர் எங்கள் செலவு. சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்துக்கு நீங்கள் கொடுக்கும் விண்ணப்பம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் வரைபடம், சேற்றுக்கான ஒப்பந்தம், பெப்ரவரியில் எடுத்த நீரளவு, இந்த நாலையும் தமிழிலும் சிங்களத்திலும் கொண்டுவாருங்கள். படம் போட்டுக் காட்டும் ஆளோடு, சுத்திகரிப்பை நடத்தப்போகும் பொறியியலாளரையும் அழைத்து வாருங்கள். கேள்விகள் அவருக்குத்தான்.

பிரதிகள் பிரதேச சபைத் தவிசாளருக்கும், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் போகின்றன. தோட்ட நிர்வாகத்துக்கு ஒன்று கையில் கொடுத்தாயிற்று.

இப்படிக்கு,
பழைய ஸ்டோருக்குக் கீழே குடியிருப்பவர்கள் சார்பில்,
பணிய லயத்துக்காரர் ஒருவர்